நூறு லீற்றர் மோர்

சுத்தத்தைப் பற்றி ஓயாமல் பேசுகிறவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். நான் அப்படி ஒருத்தி. ஜேர்மனியில் ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளராக வேலை பார்க்கிறேன். நோயாளிகளின் வாய்க்குள் போய்வருகிற கருவிகளைக் கழுவி, கிருமி நீக்கி, பையில் அடைத்து, திகதி போட்டு அடுக்குவது என் பொறுப்பு. அதற்கென்று பயிற்சி எடுத்து வாங்கிய சான்றிதழ் ஒன்று அங்கே சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. வீட்டில் யாராவது கை கழுவாமல் பாணைத் தொட்டால் அந்தச் சான்றிதழை நினைவூட்டுவேன். அப்படிப்பட்ட நான்தான் இன்னொருவருடைய வாகனத்தின் குடிநீர்த் தொட்டிக்குள் நூறு லீற்றர் மோரை ஊற்றினேன். அதுவும் சுத்தத்துக்காக.

நடந்தது ஆறு வருடத்துக்கு முன்பு. எங்கள் கீழ்மாடியில் ஹெர் பிராண்ட், ஃப்ராவ் பிராண்ட் என்று ஒரு தம்பதி இருக்கிறார்கள். அவர் ஓய்வுபெற்ற ரயில் சாரதி. அவர்களிடம் ஒரு வோன்மொபில் உண்டு. படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாவற்றையும் உள்ளேயே வைத்துக் கட்டிய பெரிய வான். ஃப்ராவ் பிராண்டுக்கு அந்த வருடம்தான் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்திருந்தது. சிகிச்சை நடந்த மாதங்கள் முழுக்க அவர் சொல்லிக்கொண்டிருந்தது ஒன்றுதான்: முடிந்ததும் அந்த வானில் ஏறிப் போய்க் கடலைப் பார்க்க வேண்டும். உடம்பில் எதிர்ப்புச் சக்தி இன்னும் சரியாக வரவில்லை, கிருமித் தொற்று எதுவும் வந்துவிடக் கூடாது என்று வைத்தியர்கள் பயப்படுத்தி அனுப்பியிருந்தார்கள். சலாட் இலையை எத்தனை தரம் கழுவ வேண்டும் என்று என்னிடம் வந்து கேட்பார். (கிருமி விஷயத்தில் அவருக்கு நான் அவ்வளவு பெரிய ஆள்.)

அவர் உடம்பு தேறுவதற்காக மூன்று வாரம் ஒரு றேஹா நிலையத்தில் தங்கப் போனார். கணவரும் கூடவே போனார். போகும்போது ஹெர் பிராண்ட் வானின் திறப்பை எங்களிடம் தந்தார். (ஜேர்மன் மொழியில் நடந்த பேச்சுகளை என் வசதிக்கு நல்ல தமிழில் தருகிறேன்.)

"சும்மாதான் நிற்கிறது. உங்கள் கோயில் திருவிழாவுக்குக் கொண்டு போங்கள். நாங்கள் திரும்பி வந்த சனிக்கிழமையே கடலுக்குப் புறப்படுகிறோம். அதற்குள் இருந்தால் போதும். உங்களிடம் கொடுப்பதில் எனக்குக் கவலை இல்லை, உங்களுக்குச் சுத்தம் தெரியும்."

கூடவே பத்தொன்பது விதிகள் எழுதிய ஒரு தாளும் தந்தார். சப்பாத்தோடு ஏறக் கூடாது, காஸை மூட மறக்கக் கூடாது என்று எல்லாமே அதில் இருந்தது. தண்ணீர்த் தொட்டிக்குள் மோர் ஊற்றக் கூடாது என்று இல்லை. அப்படி ஒன்றை எழுத வேண்டும் என்று எந்த ஜேர்மன்காரருக்குத்தான் தோன்றும்.

நாங்கள் வழமையாகப் போகிற பிள்ளையார் கோயில் இரண்டரை மணி நேர ஓட்டத்தில் இருக்கிறது. ஊன்ட்றொப்பில் இருக்கிற பெரிய அம்மன் கோயில் தேர் அளவுக்குச் சனம் வராது, என்றாலும் ஐந்நூறு பேர் வருவார்கள். தேருக்கு வெயிலில் நிற்கிறவர்களுக்கு மோர் கொடுப்பது எங்கள் வீட்டு உபயம். ஒவ்வொரு வருடமும் அது எனக்குப் பெரிய வதை. திறந்த வாளி, ஒரே அகப்பை, வாளியைச் சுற்றிக் குளவி, அகப்பை கைக்கு எட்டாவிட்டால் கோப்பையையே விரலோடு சேர்த்து முக்கி எடுக்கிற பக்தர்கள். என் சான்றிதழ் துடிக்கும். அந்த வருடம் வானின் சாப்பாட்டு மேசைக்குக் கீழே, இருக்கைப் பலகையைத் தூக்கிப் பார்த்தேன். மூடியோடு ஒரு வெள்ளைத் தொட்டி. எனக்கு மூளை மின்னியது.

"இஞ்சேருங்கோ, இதுக்கை நூறு லீற்றர் பிடிக்குமாம்" என்றேன் என் கணவர் முகுந்தனிடம்.

"பிடிக்கும். அதுக்கென்ன?"

"ஒருத்தற்றை கையும் படாமல் மோர் குடுக்கலாம். பைப்பைத் திறந்தால் வரும்."

"வதனா, அது தண்ணித் தொட்டி."

"மோரிலை முக்கால்வாசி தண்ணிதானே."

அவர் வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். கலியாணம் கட்டிப் பதினைந்து வருடத்தில் அவர் கற்றுக்கொண்ட பெரிய பாடம் அது. அன்றைக்கு மட்டும் அதை மறந்திருக்கலாம்.

துருக்கிக் கடையில் பத்துக் கிலோ வாளியாக மூன்று வாளி தயிர் வாங்கினோம். இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை எல்லாவற்றையும் அரைத்துச் சாறு எடுத்து, தேசிக்காய் பிழிந்து, உப்புப் போட்டு, முகுந்தனின் புது வேட்டியில் வடித்துத் தொட்டியை நிரப்பினேன். தேரன்று சமையலறைக் குழாயைத் திறந்து கோப்பை கோப்பையாக ஜன்னல் வழியாக நீட்டினேன். குளவி இல்லை, விரல் இல்லை, சிந்தல் இல்லை. கோயில் தலைவரே வந்து இரண்டு கோப்பை குடித்துவிட்டு, "உது நல்ல ஐடியா பிள்ளை, அடுத்த முறை நாங்களும் ஒண்டு செய்விப்பம்" என்றார். அன்றைக்கு நான் தரையில் நடக்கவில்லை.

மிச்சத்தைத் திறந்துவிட்டு, இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி அலசினோம். தொட்டி வெள்ளையாகத்தான் தெரிந்தது. (மோரும் வெள்ளை, தொட்டியும் வெள்ளை. இதை யோசிக்க ஒரு சான்றிதழ் போதவில்லை.) திங்கட்கிழமை வீடு வந்து வானை வெயிலில் நிறுத்தினோம். செவ்வாய் பின்னேரம் உள்ளே கூட்டலாம் என்று கதவைத் திறந்தேன்.

மணம் முகத்தில் அறைந்தது. குழாயைத் திறந்தால் முதலில் காற்று இருமியது, பிறகு வெள்ளையாகக் கட்டி கட்டியாக ஏதோ நூல் மாதிரி நீண்டு விழுந்தது. நான் குழாயை மூடிவிட்டு அப்படியே இருக்கையில் உட்கார்ந்தேன். சலாட் இலையை மூன்று தரம் கழுவுகிற ஒரு மனுஷி பதினொரு நாளில் இந்தக் குழாயில் தண்ணீர் பிடித்துக் குடிக்கப் போகிறார்.

"இப்பவே போன் எடுத்துச் சொல்லுவம்" என்றார் முகுந்தன்.

"விசரே உங்களுக்கு? றேஹாவிலை இருக்கிற ஆக்களுக்கு உதைச் சொல்லி நிம்மதியைக் கெடுக்கிறதோ? நான் துப்புரவாக்கிப்போட்டுச் சொல்லுறன்."

சொல்கிற எண்ணமே எனக்கு இருக்கவில்லை என்பது அவருக்கும் தெரியும்.

அன்றைக்கே கடைக்கு ஓடிப்போய்க் குடிநீர்த் தொட்டிக்குப் போடுகிற குளோரின் மருந்து வாங்கிவந்து, அளவுக்கு இரண்டு மடங்கு கொட்டி, ஊறவிட்டு, மறுநாள் அலசினேன். மணம் போய்விட்டது. நீச்சல் தடாகம் மாதிரி மணத்தது. எனக்கு அது போதும். முகுந்தனுக்குப் போதவில்லை.

"மணம் போனால் கிருமி போச்சோ? உங்கடை கிளினிக்கிலை மணந்து பாத்தோ அடுக்கிறனீங்கள்?"

பதினைந்து வருடத்தில் அவர் என்னை வாயடைக்க வைத்தது அந்த ஒருமுறைதான். நகரத்தில் தண்ணீர் பரிசோதிக்கிற ஆய்வுகூடம் ஒன்றில் நேரம் கேட்டு டெர்மின் எடுத்தேன். கிருமி நீக்கிய சிறிய போத்தல் ஒன்று தந்தார்கள். அடியில் ஒரு சிட்டிகை வெள்ளைத் தூள் இருந்தது, குளோரினை முறிப்பதற்காம், அதைக் கழுவக் கூடாதாம். குழாயின் வாயில் இருக்கிற சல்லடையைக் கழற்ற வேண்டும், உலோகக் குழாய் என்றால் நெருப்பால் சுட வேண்டும், பிளாஸ்டிக் என்றால் மதுசாரத்தால் துடைக்க வேண்டும், பிறகு கொஞ்சம் ஓடவிட்டுப் பிடிக்க வேண்டும். முகுந்தன் பாதியோடு கேட்பதை நிறுத்திவிட்டார் போலிருக்கிறது. நான் போத்தலின் மூடியைத் திறக்கும்போது அவர் அடுப்புக் கொளுத்தியோடு குழாயை நெருங்கிவிட்டார். வெள்ளி நிறம் பூசிய பிளாஸ்டிக் குழாய் அது. அதன் மூக்கு இன்றைக்கும் சற்றுக் கோணல்தான்.

வியாழன் போத்தலைக் குளிர்ப்பெட்டியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கிருமி வளருகிறதா என்று பார்க்கக் கிட்டத்தட்ட மூன்று நாள் வேண்டும் என்றார்கள். இடையில் சனி, ஞாயிறு வேறு. திங்கட்கிழமை ஆய்வுகூடத்துப் பெண் போன் எடுத்தார்.

"உங்கள் தண்ணீர் குடிப்பதற்கு ஏற்றதல்ல. கோலிஃபோர்ம் வகைக் கிருமிகள் இருக்கின்றன. மற்றக் கிருமிகளின் எண்ணிக்கையும் அதிகம். தொட்டிக்குள் என்ன போனது?"

"மோர்" என்றேன்.

மறுபக்கம் விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "எப்படிச் சுத்தம் செய்தீர்கள்?" என்றார். சொன்னேன்.

"முதலில் அழுக்கை உரசி எடுக்காமல் நேரே குளோரின் போட்டீர்களா? அழுக்கு இருந்தால் குளோரின் அதிலேயே செலவாகிவிடும். கிருமிக்கு மிஞ்சாது."

கிளினிக்குக்குப் புதிதாகப் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் முதல் நாள், முதல் மணி நேரத்தில், விரலை நீட்டிச் சொல்லிக் கொடுக்கிற முதல் வசனம் அது: முதலில் அழுக்கை எடு, பிறகு கிருமியைக் கொல்லு. பயத்தில் எனக்கு அது மறந்துவிட்டது. போனை வைத்துவிட்டுக் கிளினிக்கின் கழிப்பறைக்குள் போய் அழுதேன்.

புதன்கிழமை பிராண்ட் தம்பதி திரும்பி வருகிறார்கள். திங்கள் பின்னேரம் வேலை முடிந்த கையோடு தொடங்கினோம். தொட்டியின் மூடி ஒரு சாப்பாட்டுக் கோப்பை அளவுதான் இருக்கும். அதற்குள் தோள்வரை கையை விட்டு, கன்னத்தை இருக்கையில் அழுத்திக்கொண்டு, தூரிகையால் சுவர் சுவராகத் தேய்த்தேன். மூலைகளில் வழவழவென்று ஒரு படை இருந்தது. தேய்த்து முடித்துக் கையை இழுத்தால் வரவில்லை. காப்பு இரண்டும் மூடியின் விளிம்பில் மாட்டிக்கொண்டன.

"காப்பைக் கழட்டிப்போட்டுக் கையை விட்டிருக்கலாமெல்லோ" என்றார் முகுந்தன்.

"உங்கடை அறிவுரையை வெளியிலை வைச்சிட்டுச் சவுக்காரத்தைக் கொண்டுவாங்கோ."

கை வெளியே வந்தபோது அது என் கை மாதிரித் தெரியவில்லை. பிறகு சுடுதண்ணீரால் அலசி, பழைய படைக்குத் சிட்ரிக் அமிலம் என்கிற தேசிக்காய் உப்பு கரைத்து விட்டு, அதை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் கழுவி எடுத்தோம். (புளிப்பும் குளோரினும் சந்தித்தால் நச்சு வாயு வரும். அது மட்டும் எனக்கு மறக்கவில்லை.) முதல் தரம் நான் தொடாமல் விட்ட சுடுதண்ணீர் போய்லரையும் திறந்து வெறுமையாக்கினோம். அதற்குள்ளும் மோர் இருந்தது. அதன் பிறகுதான் குளோரின், இந்த முறை அளந்து. சமையலறைக் குழாய், கைகழுவுகிற குழாய், ஷவர், ஒவ்வொன்றிலும் சுடுதண்ணீர்ப் பக்கமும் பச்சைத்தண்ணீர்ப் பக்கமும் குளோரின் மணம் வருமட்டும் ஓடவிட்டு மூடினோம். விடிய நாலு தொட்டித் தண்ணீர் மாற்றி மாற்றி ஊற்றி அலசினோம். தொட்டிக்குத் தண்ணீர் நிரப்புகிற ரப்பர் குழாயைக்கூட அவர்களுடையதை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கினோம். செவ்வாய் மத்தியானம் இரண்டாவது போத்தலைக் கொடுத்தேன். பெறுபேறு வெள்ளிக்கிழமை வரும். அவர்கள் சனிக்கிழமை புறப்படுகிறார்கள்.

புதன்கிழமை வந்தார்கள். "இன்னும் ஒருமுறை கூட்ட இருக்கிறது" என்று சொல்லித் திறப்பை என் கையிலேயே வைத்துக்கொண்டேன். பெரிய கெட்டித்தனம் செய்துவிட்டதாக நினைப்பு. அவர்களிடம் இன்னொரு திறப்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வியாழன் பின்னேரம் வேலையால் வருகிறேன். வானின் கதவு திறந்து கிடக்கிறது. உள்ளே ஃப்ராவ் பிராண்ட், தலையணைகளை அடுக்கிவிட்டு, மாத்திரைப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, கையில் கோப்பையோடு நிற்கிறார். என்னைக் கண்டதும் சிரித்தார்.

"குடிக்காதீர்கள்" என்று கத்தினேன்.

அவர் கோப்பையைப் பார்த்தார். "குடித்துவிட்டேனே. மாத்திரைக்கு, அரைக் கோப்பை. ஏன்?"

அதற்கு மேல் பொய் சொல்ல எனக்குச் சக்தி இல்லை. வானின் படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தேர், குளவி, மோர், முதல் பரிசோதனை, இன்னும் வராத இரண்டாவது பரிசோதனை. பாதியில் ஹெர் பிராண்டும் வந்து பின்னால் நின்றதை நான் கவனிக்கவில்லை.

"மோரா?" என்றார் அவர்.

"ஓம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன்.

"தொட்டிக்குள்ளா?"

தலையாட்டினேன். அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். மனைவியின் கையில் இருந்த கோப்பையை வாங்கி, மிச்சத்தை வாசலில் ஊற்றிவிட்டு, வைத்தியருக்குப் போன் எடுத்தார். காய்ச்சலைப் பார்க்கச் சொன்னார்களாம், காய்ச்சல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்களாம். அவர் மனைவியைக் கைப்பிடித்து உள்ளே கூட்டிப் போனார். கதவு மெதுவாகத்தான் சாத்தப்பட்டது. எனக்கு அது இன்னும் காதில் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை வேலைக்குப் போகும்போது அவர்களின் கதவடியில் நின்று காது கொடுத்தேன். வெட்கமாக இருந்தது, என்றாலும் நின்றேன். உள்ளே ரேடியோ கேட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டு போனேன். பதினொரு மணி இருக்கும். பல் வைத்தியர் ஒரு பெரிய மனுஷரின் கடைவாயில் துளை போட்டுக்கொண்டிருக்கிறார், நான் எச்சில் உறிஞ்சுகிற குழாயைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன், என் சட்டைப் பையில் போன் அதிர்கிறது. வேலை நேரத்தில் போன் எடுக்கக் கூடாது என்று அங்கே எழுதி ஒட்டியவளே நான்தான்.

"டொக்டர், ஒரு நிமிஷம் நிறுத்துங்கோ" என்றேன். பதற்றத்தில் அதுவும் தமிழில். அவருக்கு என்ன விளங்கியதோ, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

ஆய்வுகூடத்துப் பெண் வாசித்தார். குடலில் இருந்து வருகிற கிருமி, பூச்சியம். கோலிஃபோர்ம், பூச்சியம். மற்றவை, எல்லைக்கு மிகக் கீழே. "குடிக்கலாம்" என்றார். நான் ஒரு கையில் போனும் மறு கையில் உறிஞ்சு குழாயுமாக நின்று விக்கி விக்கி அழுதேன். வாயைப் பிளந்தபடி கிடந்த அந்தப் பெரிய மனுஷர் தன் பல்லுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து எழும்பப் பார்த்தார்.

இரண்டு பெறுபேறுகளையும் அச்சடித்துக்கொண்டு மத்தியானமே கீழ்வீட்டு மணியை அடித்தேன். கதவைத் திறந்தது ஃப்ராவ் பிராண்ட். காய்ச்சல் இல்லை. ஹெர் பிராண்ட் கண்ணாடி போட்டு இரண்டு தாளையும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாசித்தார். பிறகு முதலாவது தாளுக்குத் திரும்பிப் போய், கோலிஃபோர்ம் என்ற இடத்தில் விரலை வைத்தார்.

"இது மோரில் இருந்து வருமா?"

"எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. இன்றைக்கு அந்தப் பெண்ணிடம் கேட்டேன். மோரில் இருந்து வந்திருக்காது என்கிறார். நாள்பட்ட தண்ணீர், பழைய குழாய், நீண்ட காலம் கழுவாத தொட்டி, அப்படி ஏதாவது இருந்திருக்குமாம். மோர் அதற்குச் சாப்பாடு போட்டிருக்குமாம்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். ஃப்ராவ் பிராண்ட் மெல்லக் கேட்டார்: "கடைசியாக எப்போது அந்தத் தொட்டியைக் கழுவினாய்?"

"வாங்கிய வருடம் ஒருமுறை வினாகிரி ஊற்றினேன்."

"வாங்கிப் பதினொரு வருடம்."

அந்த மனுஷர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். நான் அந்த மோரை ஊற்றியிராவிட்டால் யாரும் எதையும் பரிசோதித்திருக்க மாட்டார்கள், அவர் மனைவி கடற்கரையில் இரண்டு வாரமும் அந்தப் பழைய தண்ணீரில்தான் மாத்திரை போட்டிருப்பார். அதை மூன்று பேரும் நினைத்தோம், ஒருவரும் சொல்லவில்லை. ஃப்ராவ் பிராண்ட் என்னைக் கட்டிப்பிடித்தார். மறுநாள் இருவரும் புறப்பட்டுப் போனார்கள். கடலும் பார்த்தார்கள்.

என் நெஞ்சில் இருந்த கல் இறங்கிவிட்டது. அந்த நிம்மதி நீடித்தது சரியாகப் பதினான்கு படி. எங்கள் வீட்டுக்கு ஏறுகிற மாடிப்படியின் கடைசிப் படியில் நின்றுவிட்டேன். பதினொரு வருடம் கழுவாத தொட்டி. அதற்குள் ஊற்றி, உச்சி வெயிலில், ஐந்நூறு பேருக்குக் கொடுத்தேனே.

வீட்டுக்குள் போய் முகுந்தனிடம் சொன்னேன். அவர் எழும்பி ஜன்னலைச் சாத்திவிட்டு, "ஒருத்தரிட்டையும் ஒண்டும் கேக்காதையும்" என்றார். கேட்கவில்லை. இரண்டு மாதம் போன் அடித்தால் நெஞ்சு அடித்தது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. தப்பிவிட்டேன் என்று நினைத்தேன்.

அந்த மாரியில் ஒரு கலியாண வீடு. முகுந்தனின் அக்கா, என் மச்சாள், சாப்பாட்டு மேசையில் எல்லாருக்கும் கேட்கக் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

"அந்தத் தேருக்குப் போட்டு வந்து எங்கடை வீட்டிலை நாலு பேரும் ரெண்டு நாள் எழும்பேல்லை. ஒரு பாத்ரூம், நாலு பேர், யோசிச்சுப் பாருங்கோ. எல்லாம் அந்த வெளிவாசலிலை ரோல்ஸ் பொரிச்சு வித்த மனுசியாலை வந்தது. பழைய எண்ணெய். ஏதோ வதனாவின்ரை மோரை ரெண்டு கோப்பை குடிச்சபடியாலை உயிர் தப்பினம்."

மேசை முழுக்கச் சிரித்தது. முகுந்தன் குனிந்து பாயசத்தைக் கிண்டினார். மோரா, ரோல்ஸா என்று இனி எந்த ஆய்வுகூடத்தாலும் சொல்ல முடியாது. அந்தக் கதை இப்போது எங்கள் குடும்பத்தில் எந்தக் கொண்டாட்டத்திலும் தவறாமல் வருகிறது. ஒவ்வொரு முறையும் ரோல்ஸுக்கு ஒரு படி கெட்ட பெயர் கூடுகிறது, என் மோருக்கு ஒரு படி மகிமை கூடுகிறது. எங்கள் சொந்தக்காரர் ஒருவர்கூட இப்போது ரோல்ஸ் விற்கிற அந்த அக்காவிடம் வாங்குவதில்லை. நான் மட்டும் ஒவ்வொரு தேருக்கும் போய் முப்பது ரோல்ஸ் வாங்குகிறேன். எல்லாரும் பார்க்க, அவர் முன்னாலேயே நின்று இரண்டைச் சாப்பிடுகிறேன். "வதனாவுக்கு இரும்பு வயிறு" என்கிறார் மச்சாள்.